சதுரங்கப் பலகையும் சிறைக் கதவும்

(இளைஞர் அரங்க ஊழியர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நகர்ப்புற இளைஞரிடையே நமது வேலை என்பது இன்றைய வகுப்பின் பொருள். அதை வாஷிங்டன் நகரிலிருந்து தொடங்குவது உங்களில் சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

அமெரிக்கத் தலைநகரில் வெள்ளை மாளிகைக்குச் சில மைல் தொலைவில் அனகோஸ்தியா என்னும் ஆறு ஓடுகிறது. ஆற்றின் கிழக்குக் கரையில் வாழ்வோரில் மிகப் பெரும்பான்மையினர் கறுப்பின உழைக்கும் மக்கள். ஒரு மரச்சாமான் கடைக்காரர் விளம்பரத்துக்காக நிறுவிய பத்தொன்பதரை அடி உயர நாற்காலிதான் அப்பகுதியின் அடையாளச் சின்னம். அந்த நாற்காலியின் பெயரில் யூஜின் பிரவுன் என்பவர் சிறுவர்களுக்காக ஒரு சதுரங்க மன்றத்தைத் தொடங்கினார். அவர் வங்கிக் கொள்ளை வழக்கில் தண்டிக்கப்பட்டவர். சிறையில் மூத்த கைதி ஒருவரிடம் சதுரங்கம் கற்று, விடுதலையான பின் தெருவிலும் பள்ளியிலும் தடுமாறிய பிள்ளைகளைப் பலகையின் முன் அமர்த்தினார். யோசித்த பிறகே நகர்த்து என்பதுதான் மன்றத்தின் முழக்கம். அவரது வாழ்க்கை 2013ல் திரைப்படமாகவும் வந்தது.

முதலாளித்துவ ஊடகங்கள் இக்கதையை விரும்புகின்றன. தவறு செய்தவன் தனிமனிதன், திருந்தியவனும் தனிமனிதன் என்று சொல்லிவிட்டால், நடுவே நின்ற அரசைப் பற்றி எவரும் பேச வேண்டியதில்லை அல்லவா?

அந்த அரசு என்ன செய்தது? 1986ல் போதைப்பொருள் சட்டம் ஒன்றை இயற்றியது. வசதி படைத்தோர் பயன்படுத்திய தூள் கோகைன் 500 கிராம் விற்பனைக்காக வைத்திருந்தால் குறைந்தது ஐந்தாண்டுத் தண்டனை. ஏழைக் கறுப்பினக் குடியிருப்புகளில் விற்ற 'கிராக்' கோகைனுக்கோ 5 கிராமே அதற்குப் போதும். பொருள் ஒன்று, தண்டனையில் நூறு மடங்கு வேற்றுமை. 2010ல்தான் அது பதினெட்டு மடங்காகக் குறைக்கப்பட்டது. குறைத்தார்களே தவிர ஒழிக்கவில்லை. 1994ல் கைதிகளின் கல்லூரிப் படிப்புக்கான அரசு உதவித்தொகையையும் நிறுத்தினார்கள். வாஷிங்டன் கைதிகள் அடைக்கப்பட்டிருந்த லார்ட்டன் சிறை 2001ல் மூடப்பட்டது. அதன் பிறகு நீண்ட தண்டனை பெற்றவர்கள் நாடெங்கும் உள்ள கூட்டாட்சிச் சிறைகளுக்குச் சிதறடிக்கப்பட்டனர். தந்தையைப் பார்க்க ஒரு பிள்ளை பல நூறு மைல் போக வேண்டும். பேருந்துக் கட்டணம் யார் தருவது?

தந்தையில்லாத வீடுகளைச் சட்டம் போட்டு உருவாக்கிவிட்டு, அந்த வீட்டுப் பிள்ளைகளைச் சீர்திருத்தும் பொறுப்பை விடுதலையான ஒரு கைதியின் தலையில் சுமத்துகிறார்கள். இது நமது விமர்சனம். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

ஆனால் விமர்சனத்தோடு எழுந்து போய்விடுவது நமது பழக்கமாகிவிட்டது. அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

பலகையின் முன் நடப்பதைக் கவனியுங்கள். தொட்ட காயை நகர்த்தியே தீர வேண்டும். தோற்றால் நடுவரையோ பகடையையோ பழிக்க இயலாது. ஆட்டம் முடிந்தபின், வென்றவனும் தோற்றவனும் சேர்ந்தமர்ந்து காய்களை மீண்டும் அடுக்கி, எந்த நகர்த்தலில் பிசகியது என்று தேடுகிறார்கள். வீட்டிலும் பள்ளியிலும் காவல் நிலையத்திலும் தவறு என்றாலே அடி என்று மட்டும் அறிந்த ஒரு சிறுவனுக்கு இது புதிய அனுபவம். நாம் சுயவிமர்சனம் என்று அழைப்பதை அவன் அங்கே அவமானமின்றிப் பழகுகிறான். எதிரே இருப்பவரும் சிறை கண்டவர் என்பதால் உபதேசம் தேவைப்படுவதில்லை.

நமது இயக்க மரபுக்கு இது அந்நியமானதுமன்று. உள்நாட்டுப் போர் இன்னும் ஓயாத 1920லேயே போல்ஷெவிக் தோழர் இலியின் ஜெனெவ்ஸ்கி, ராணுவப் பயிற்சித் திட்டத்தில் சதுரங்கத்தைச் சேர்த்தார். பசியும் குளிரும் வாட்டிய ஆண்டில் அதற்கு நேரம் ஒதுக்கினார்கள்.

நம் நாட்டிலும், புணே ஏரவாடா சிறைக் கைதிகளின் அணி 2023ல் சர்வதேச இணையவழிச் சதுரங்கப் போட்டியில் தங்கம் வென்றது. பத்திரிகைகள் பாராட்டின. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகப் புள்ளிவிவரப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூவர் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்படாதவர்கள். அவர்களில் ஏராளமான இளைஞர்கள் இன்றோ நாளையோ வெளியே வருவார்கள். வாசலில் அவர்களுக்காகக் காத்திருப்பது யார்? கந்துவட்டிக்காரரும் மதவெறிக் கும்பலும் காத்திருக்கிறார்கள். நாம்?

இங்கே என்னைப் பற்றியே ஒன்று சொல்லியாக வேண்டும். வடக்கே ஒரு தொழில் நகரத்தில் நான் கிளைச் செயலாளராக இருந்தபோது, அலுவலகத்தில் ஒரு கேரம் பலகை இருந்தது. மாலையில் குடிசைப் பகுதிப் பையன்கள் வருவார்கள். இருவர் சிறுவர் இல்லத்தில் இருந்து திரும்பியவர்கள். கூச்சல், கெட்ட வார்த்தை, சில நாள் கைகலப்பு. மாநாட்டு வேலை நெருங்கிய சமயத்தில், துண்டறிக்கைக் கட்டுகளை வைக்க இடமில்லை என்று நான்தான் பலகையைப் பரணில் ஏற்றச் சொன்னேன். துண்டறிக்கை 'இளைஞர்களே அணி திரள்வீர்' என்பதுதான். பையன்கள் நான்கு நாள் வாசலில் வந்து நின்றார்கள். பிறகு வரவில்லை. அடுத்த ஆண்டு மத ஊர்வலம் ஒன்றில், தலையில் துணி கட்டிக்கொண்டு அவர்களில் மூவரைப் பார்த்தேன். ஒருவன் என்னை அடையாளம் கண்டு, "அண்ணா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு நடந்தான். மாநாட்டு அறிக்கையில் இந்த விஷயம் இடம்பெறவில்லை. எழுதியவன் நான்.

பலகை வைத்துவிட்டால் வர்க்க உணர்வு வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சிறைச் சட்டங்களையும் வேலையின்மையையும் எதிர்த்த போராட்டத்துக்கு அது மாற்றாகாது. ஆனால் பெயர் தெரியாத பையனை எந்தப் போராட்டத்துக்கு அழைப்பீர்கள்? வாரம் மூன்று மாலை, அதே இடம், அதே தோழர்: இதைக்கூட ஒரு கிளையால் ஏற்பாடு செய்ய முடியாதா?

அந்தக் கேரம் பலகை இன்னும் பரணில்தான் இருப்பதாகத் தோழர் ஒருவர் தெரிவித்தார். அதைக் கீழே இறக்குவதை அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.