நிறுக்க வேண்டியது பாலை மட்டுமா?

(பெற்றோர் தினத்தன்று தாய்மார்களுக்கு ஆற்றிய உரை)



தோட்டத்திலே பாலை நிறுத்தோம்; ஒட்டுப்பாலையும் நிறுத்தோம். நம் உடம்பைக் கடைசியாக நிறுத்தது எப்போது? "பிள்ளை உண்டானப்போ கிளினிக்கில நிறுத்தாங்க டீச்சர்" என்பதுதான் பலருடைய பதில். ஆகவே, இன்று ஒரு சிறு கணக்கைச் சொல்லித் தருகிறேன்.

அதற்கு உடல் நிறைக் குறியீட்டெண் என்று பெயர்; கிளினிக்கில் பி.எம்.ஐ. என்பார்கள். உயரத்தை மீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். வந்த விடையால் உங்கள் எடையை, கிலோ கணக்கில், வகுத்துவிடுங்கள். அவ்வளவுதான். 1.5 மீட்டர் உயரமுள்ள ஒரு தாயார் 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1.5ஐ 1.5ஆல் பெருக்கினால் 2.25. 60ஐ 2.25ஆல் வகுத்தால் 26.7.

பொதுவாக 18.5க்கு மேல் 25க்குள் இருந்தால் இயல்பு என்பார்கள். ஆனால் நம்மைப் போன்ற ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே இனிப்புநீர் வந்துவிடுகிறது. ஆகையால் 23லேயே விழிப்பாக இருக்க வேண்டும், 27.5ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் வெளியான அறிக்கையில் கூறியது. அந்தத் தாயார் 52 கிலோவுக்குள் இருப்பது நல்லது.

"கைகால் எல்லாம் சன்னமாத்தானே இருக்கு" என்று இருந்துவிடாதீர்கள். நம் பெண்களுக்குக் கொழுப்பு வயிற்றில்தான் சேருகிறது. தையல் நாடாவால் இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். 80 செண்டிமீட்டருக்குமேல் போனால் கவனம் தேவை.

இந்தக் கணக்கு கர்ப்பிணிகளுக்குப் பொருந்தாது. பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற அட்டவணை தனியே உண்டு. இது நோயைக் காட்டாது; கிளினிக்குக்குப் போக வேண்டிய நேரத்தைத்தான் காட்டும். கர்ப்பக் காலத்தில் இனிப்புநீர் இருந்தவர்கள், "பிள்ளை பெத்ததும் போயிடுச்சே" என்று விட்டுவிடக் கூடாது. அது பின்னாளில் திரும்பி வரக்கூடும். இரத்தப் பரிசோதனையைத் தொடருங்கள்.

அன்று பால் வெட்டி, வாளி சுமந்த உடம்பு உழைத்தது. இன்று பலருக்கு உட்கார்ந்து செய்யும் வேலை. சோற்றின் அளவோ குறையவில்லை. பிள்ளை மிச்சம் வைத்ததை "வீணாப் போகுதே" என்று நாமே சாப்பிடுகிறோம். டின் பால் ஊற்றிய தேநீர் நாளைக்கு நாலு தடவை! பட்டினி கிடக்க வேண்டாம். சோற்றைக் குறைத்துக் கீரையைக் கூட்டுங்கள். தேநீரில் இனிப்பைக் குறையுங்கள். மாலையில் அரைமணி நேரம் நடங்கள். 18.5க்குக் கீழே இருப்பவர்களோ சத்தாகச் சாப்பிட வேண்டும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். இந்த எண் அழகுக்கு மார்க் போடுவதற்கல்ல. பெண்பிள்ளையை "குண்டு" என்றோ "குச்சி" என்றோ கேலி செய்வதற்கும் அல்ல. மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளையைப் பார்க்க, தாய் சுகத்தோடு இருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கணக்கு.