எல்லைக்கோட்டில் ஊஞ்சல்



ஆம்பூரில் தைத்த ஷூக்கள் ஜெர்மனிக்குக் கப்பலேறுவது வேலூர், ஆம்பூர்ப் பெருமக்களாகிய உங்களுக்குப் புதிய செய்தியல்ல. அந்த நாட்டின் தலைநகரான பெர்லினில் மாவர்பார்க் என்றொரு பூங்கா இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே கால் வைத்தால் துப்பாக்கி பேசும்.

1961 முதல் 1989 வரை ஊரைப் பிளந்து நின்ற சுவரின் காவல் பகுதி அது. மண்ணை வாரிச் சமப்படுத்தி வைத்திருப்பார்கள். தப்பி ஓடுபவரின் காலடி பதிந்தால் காட்டிக்கொடுத்துவிடும். 1989 நவம்பர் 9 இரவு, அருகிலிருந்த போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியில் கூட்டம் நெருக்க, காவலர்கள் வழிவிட்டார்கள். 1994-ல் அந்த மண் பூங்காவானது. ஞாயிறு என்றால் பழைய சாமான் சந்தை. திறந்தவெளி அரங்கில் யார் வேண்டுமானாலும் மைக் பிடித்துப் பாடலாம். மேட்டில் மிச்சமிருக்கும் சுவரில் இளைஞர்கள் வண்ணம் தீட்டுகிறார்கள், பக்கத்திலேயே ஊஞ்சல் ஆடுகிறது. ஒட்டிய நிலத்தில் கட்டடத் திட்டங்கள் வந்தபோது அக்கம்பக்கத்தார் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கு நின்றார்கள். 2020-ல் பூங்கா இன்னும் விரிந்தது.

இங்கே, வேலூர் வட்டாரத்திலும் எல்லை இருந்தது.

ஆற்காட்டுக்கும் மைசூருக்கும் இடையே அடிபட்ட பூமி இது. 1767-ல் மைசூரின் ஹைதர் அலி ஆம்பூரை முற்றுகையிட்டார். 1780-ல் தொடங்கிய போரில் வேலூர்க் கோட்டையையும் அவர் படை வளைத்தது. மைசூருடன் ஆங்கிலேயர் செய்த 1792 உடன்படிக்கையில் பாராமகால் பகுதி அவர்கள் கைக்குப் போக, எல்லை மேற்கே நகர்ந்தது. அதன்பின் கோட்டை சிறையானது. ஹைதரின் மகன் திப்புவின் குடும்பமும் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் இங்கே அடைபட்டார்கள். 1806 ஜூலை 10 அதிகாலையில் ஆங்கிலேயருக்கு எதிராகச் சிப்பாய்கள் எழுந்ததும் இதே மதிலுக்குள்தான்.

இன்று அதே கோட்டையில் ஜலகண்டேஸ்வரர் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், அருங்காட்சியகம் எல்லாம் ஒரே வளாகத்தில் நிற்கின்றன. கோயிலுக்குள் லிங்கம் திரும்பி வந்து வழிபாடு தொடங்கியது 1981-ல்தான். பகைவனைத் தடுக்க வெட்டிய அகழியின் ஓரத்தில் இப்போது நடைப்பயிற்சியும் பிள்ளைகளின் பந்தாட்டமும் நடக்கின்றன.

பெர்லின் பூங்காவை அரசாணை மட்டும் காப்பாற்றவில்லை. சுற்றியிருந்தவர்கள் உரிமையோடு கேட்டதும் காப்பாற்றியது. வாரம் முழுக்க ஷூ கம்பெனியில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்காரும் பெண்ணுக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. அவள் பிள்ளைகளோடு கோட்டைக்கு வந்தால் உட்கார நிழல், குடிக்கத் தண்ணீர், சுத்தமான கழிப்பறை வேண்டும். மாநகராட்சியிடமும் தொல்லியல் துறையிடமும் இவற்றைச் சேர்ந்தே கேளுங்கள். கேட்கப் போகும்முன், அகழியில் பாட்டில் எறிவதை நிறுத்துங்கள்.