காலை பத்து மணிக்கு ஒரு மேட்ச்

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை வரட்டும், மங்கலம்பேட்டையில் இட்லியை முடித்ததும் நான் மெல்போர்ன் போய்விடுவேன், டிவி வழியாகத்தான்! ஆஸ்திரேலிய கால்பந்து இறுதி ஆட்டம். வழக்கமாக அங்கே மதியம் இரண்டரை, நமக்குக் காலை பத்து. மைதானம் எம்.சி.ஜி., ஆம், அதே கிரிக்கெட் மைதானம். பொருத்தம்தான். குளிர்காலத்தில் கிரிக்கெட்காரர்களின் உடம்பு துருப்பிடிக்காமலிருக்க ஓர் ஆட்டம் வேண்டுமென்று 1858-இல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர்.

அணிக்கு 18 பேர். நடுக்கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி. கொஞ்சம் விலகிப் பக்கத்தில் போனாலும் 1 உண்டு. கணக்கு வாத்தியார்கள் கவனிக்க!

2010 இறுதி ஆட்டத்தில் காலிங்வுட், செயின்ட் கில்டா அணிகள் 68-68 சமன். மறுவாரம் மறுபடி ஆடினார்கள். காலிங்வுட் 56 புள்ளியில் ஜெயித்தது. இப்போது சமனானால் கூடுதல் நேரம்தான். நான் காலிங்வுட் கட்சி. இறுதிக்கு அவர்கள் வந்தால் அன்று கடைக்குப் போகச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிட வேண்டாம்.