நொட்டை சொல்லும் நாவும் சுமை தூக்கும் தோளும்

(செஞ்சியில் இளைஞர்கள், வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செஞ்சிக்கு வந்தவன் கோட்டையைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளைச் சுற்றி வளைத்து எழுப்பிய கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியர் காலக் கோட்டைகளில், தமிழகத்தில் இருப்பது இது ஒன்றுதான்.

இந்த மண்ணில் 1714இல் என்ன நடந்தது? ஆற்காடு நவாப் சாதத்துல்லாகான் கப்பம் கேட்டுப் படையோடு வந்தார். இங்கே இருந்தவர் தேசிங்கு என்று நாம் அழைக்கும் இளைஞர் தேஜ்சிங். அவர் பக்கம் சில நூறு பேர். எதிரே ஆயிரக்கணக்கில் படை. அவருடைய உயிர் நண்பர் மகபத்கான் அப்போது மணக்கோலத்தில் இருந்தார் என்கிறது மக்கள் பாடும் கதை. செய்தி வந்தது, எழுந்தார், குதிரை ஏறினார். நண்பர் ராஜபுத்திரர், எதிரே வருபவர் முஸ்லிம் நவாப் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. நட்புக்குத் தந்த வாக்கைப் பார்த்தார். இருவரும் களத்திலேயே மடிந்தார்கள்.

வென்ற நவாபின் பெயரால் கோட்டைக்குள் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. ஆனால் தெருக்கூத்திலும் கதைப்பாடலிலும் முந்நூறு ஆண்டுகளாக வாழ்கிறவர்கள் தோற்றுப்போன அந்த இருவர்தாம்! அன்றைக்கும் திண்ணையில் உட்கார்ந்து, “இவன் எங்கே ஜெயிக்கப் போகிறான்” என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் கணிப்பும் பலித்தது. ஆனால் அவர்களில் ஒருவர் பெயராவது உங்களுக்குத் தெரியுமா?

சகோதரர்களே! இதைக் கேட்டுவிட்டு, யோசிக்காமல் பாய்வதுதான் வீரம் என்று எண்ணிவிடாதீர்கள். துணிவு வேறு, துடுக்கு வேறு. கைவசம் இருந்த படையை வைத்து அப்படி மோதியது சரிதானா என்று தேசிங்கைப் பற்றியும் கேட்கலாம், கேட்க வேண்டும். துணிவோடு திட்டமும் பொறுமையும் சேர்ந்தால் என்ன நடக்கும்? அதற்கான சான்று நம் சமுதாய வரலாற்றிலேயே, நம் பாட்டனார் காலத்திலேயே இருக்கிறது.

1947இல் நாடு பிரிந்தது. தலைவர்களில் பலர் எல்லை தாண்டிப் போய்விட்டார்கள். இங்கே நின்ற முஸ்லிம்களை நாடே சந்தேகத்தோடு பார்த்தது. “முஸ்லிம்களுக்கு இனி ஓர் அமைப்பா? கலைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்” என்று வெளியே இருந்தவர்களும் சொன்னார்கள், உள்ளே இருந்தவர்களும் சொன்னார்கள். அப்படிச் சொல்வதுதான் அன்று பாதுகாப்பு. அதுதான் புத்திசாலித்தனம் என்றும் பெயர்.

அந்த நேரத்தில், 1948 மார்ச் 10ஆம் நாள், சென்னை இராஜாஜி மண்டபத்தில் சிலரைக் கூட்டினார் ஒருவர். அவர்தான் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப். வணிகர்களே, கவனியுங்கள்! அவரும் உங்களைப் போல வணிகம் செய்தவர். தோல் வணிகத்தில் இருந்தவர். இழப்பதற்கு அவருக்கும் ஏராளம் இருந்தது. அன்று உருவானது இந்திய யூனியன் முஸ்லிம் லீக்.

பிறகு அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தார். 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம் வந்தபோது தமிழின் தொன்மையை எடுத்துரைத்து வாதாடினார். மஞ்சேரித் தொகுதி மக்கள் 1962, 1967, 1971 என மூன்று முறை அவரை நாடாளுமன்றத்திற்கு அனுப்பினார்கள். அவருடைய அரசியலோடு உங்களில் சிலருக்கு உடன்பாடு இல்லாமல் இருக்கலாம். ஆனால் எல்லோரும் ஒதுங்கிய நாளில் ஒருவர் முன்னே வந்தார் என்பதை யாரால் மறுக்க முடியும்?

அதே காலத்தில்தான், பிரிவினையின் புண் ஆறுவதற்குள், 1951இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் சென்னையில் நியூ காலேஜும் பிறந்தன. திருச்சிக் கல்லூரியை நிறுவிய பெருமக்கள் என்று ஜமால் முகமது சாஹிபையும் காஜாமியான் ராவுத்தரையும் போற்றுகிறோம். “நம் பிள்ளைகள் படிக்கவில்லையே” என்று கடையில் உட்கார்ந்து அங்கலாய்த்தவர்கள் அன்று ஆயிரம் பேர் இருந்திருக்கலாம். கல்லூரி எழும்பியது பணப்பெட்டியைத் திறந்தவர்களால்!

இப்போது நம் கதைக்கு வருவோம். டீக்கடை பெஞ்சில் என்ன பேசுகிறோம்? “ஜமாஅத் என்ன கிழித்தது? இயக்கங்கள் என்ன சாதித்தன? எல்லாம் நாற்காலிச் சண்டை!” இதில் பாதி உண்மையாகவே இருக்கட்டும். கேள்வி கேட்பது தவறில்லை. கணக்குக் கேட்பது உங்கள் உரிமை. ஆனால் நொட்டை சொல்கிறவர் தம் தோளைக் கொடுத்திருக்கிறாரா? சுமையில் ஒரு கை வைத்தவர் சொல்லும் குறை ஆலோசனை ஆகும். கை கட்டி நிற்பவர் சொல்லும் குறை, தூக்குகிறவன் கையையும் தளர வைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. 2007இல் தமிழக அரசு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதத் தனி இடஒதுக்கீடு தந்தது. மாநாடு, ஊர்வலம், மனு என்று பல்லாண்டு பலர் அலைந்து பெற்ற உரிமை அது. அப்போதும் “இதெல்லாம் நடக்காது” என்றவர்கள் உண்டு. கிடைத்த பிறகு “3.5 போதுமா” என்கிறார்கள். போதாது என்றே வைத்துக்கொள்வோம். கிடைத்ததை முழுமையாகப் பயன்படுத்தினோமா? தக்கனி, லெப்பை, ராவுத்தர் என்று உரிய பிரிவைக் குறிப்பிட்டு உங்கள் மகனுக்கும் மகளுக்கும் சாதிச் சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா? கல்லூரி விண்ணப்பத்தின் கடைசி நாளில் சான்றிதழுக்காக ஓடுகிற பிள்ளை, கையில் இருந்த இடத்தைக் கோட்டை விடுகிறதே!

இளைஞர்களே! உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஐந்து பேர் முன்வாருங்கள். தேர்வு முடிவுக்கு முந்திய மாதங்களில், ஜும்ஆ முடிந்ததும் ஒரு மேசை போட்டு உட்காருங்கள். யாரிடம் சான்றிதழ் இல்லை என்று வீடு வீடாகப் பட்டியல் எடுங்கள். இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போங்கள். தாலுகா அலுவலகத்தில் மனு நிற்கிறதென்றால் கூடவே போய்க் கேளுங்கள். வணிகர்களே! அந்த மேசைச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாத பெற்றோருக்கு உங்கள் கடைக் கணக்கர் ஒரு மணி நேரம் உதவட்டும்.

இதிலும் தவறு வரும். சிரிக்கவும் ஆள் வரும். அப்படி வருகிறவரைக் கோபிக்காதீர்கள். “வாங்க பாய், உட்காருங்க, இந்தப் படிவத்தைக் கொஞ்சம் நிரப்பிக் கொடுங்க” என்று பேனாவைக் கையில் கொடுங்கள். உட்கார்ந்துவிட்டார் என்றால் அவரும் நம்மில் ஒருவர்.

அடுத்த வாரமே மேசை போடுவோம், இன்ஷா அல்லாஹ்! பெயர் கொடுக்க விரும்பும் ஐந்து பேர் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வாருங்கள்.