பிடரியில் நீர் என்ற ஸ்கேன் ரிப்போர்ட்

(தாய்மார் நலக் கூட்டத்தில் நமது டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)



சென்ற மாதம் ஓர் இளம் தம்பதியர் நம் அலுவலகத்துக்கு வந்தார்கள். கையில் 16-ஆம் வாரத்து ஸ்கேன் ரிப்போர்ட். குழந்தையின் பின்மண்டையில் நீர்ப்பை, 'டாண்டி வாக்கர்' ஆக இருக்கலாம் என்று எழுதியிருந்தது. கருவைக் கலைக்கலாமா என்று ஹஜ்ரத்திடம் ஃபத்வா கேட்கப் பெண்ணின் மாமியார் கிளம்பியே விட்டார். நாங்கள் தடுத்தோம். என்ன குறை என்றே தெரியாமல் ஹஜ்ரத் எதற்குப் பதில் சொல்வார்?

பிடரிக்குள் இருப்பது சிறுமூளை. அதன் இரு பாதிகளையும் நடுவில் இணைப்பது வெர்மிஸ் என்ற பகுதி. அது மேலிருந்து கீழாக வளர்ந்து, முன்னால் உள்ள நான்காவது நீரறையை மூடுகிறது. இதற்குச் சுமார் 18 வாரம் ஆகும். சில பிள்ளைகளுக்குக் கூடுதலாகவும் ஆகும். அதற்கு முன்னால் பார்த்தால் திறப்பு தெரியத்தான் செய்யும். கட்டி முடியாத வீட்டுக்குக் கூரை இல்லை என்று சொல்லலாமா?

பிறகும் நீர் தெரிந்தால், வெர்மிஸ் எப்படி இருக்கிறது என்பதே கேள்வி. அது முழுதாக இருந்து, பின்னால் உள்ள இடைவெளி மட்டும் 10 மில்லிமீட்டரைத் தாண்டினால், வேறு குறை இல்லாத பிள்ளைகள் பெரும்பாலும் நன்றாகவே வளர்கிறார்கள். 'பிளேக் பை' என்பது தானாக மறைவதும் உண்டு. டாண்டி வாக்கர் அப்படியல்ல. வெர்மிஸ் சிறுத்து மேல்நோக்கித் திரும்பியிருக்கும். நீரறை பையாக விரிந்து பின்மண்டையை நிரப்பும். தலையில் நீர் கோக்கலாம், இதயம் முதலிய உறுப்புகளிலும் குறை இருக்கலாம். அதிலும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி இல்லை.

இவற்றைப் பிரித்தறிய 20 வாரத்துக்குப் பிறகு விரிவான ஸ்கேனும், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ.யும் எடுப்பார்கள். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது, காந்தம்தான். பயப்பட வேண்டாம். "வெர்மிஸை அளந்தீர்களா? வாரத்துக்கு ஏற்ற அளவு இருக்கிறதா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

24 வாரம் தாண்டிவிடுமே என்று அவசரப்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். கடுமையான குறை என்று மருத்துவ வாரியம் உறுதி செய்தால், 2021-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி அந்தக் கெடு பொருந்தாது.

அந்தத் தம்பதியருக்கு 22-ஆம் வாரத்தில் எம்.ஆர்.ஐ.க்கு நாள் குறித்திருக்கிறது. கார் வாடகையை டிரஸ்ட் ஏற்றுக்கொள்கிறது. இதுபோன்ற ரிப்போர்ட் வைத்திருப்பவர்கள், ஸ்கேன் படங்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள்.