ஜமைக்கா நாட்டு ஜெர்க் கோழி: மசாலா கூட்டும் முறை

தாய்மார்களே, இன்றைய பேச்சில் ஒரு கோழி மசாலாவைப் பற்றிப் பார்ப்போம். நமது பிரட்டலும் அல்ல, வறுவலும் அல்ல. கரிபியன் கடலில் இருக்கும் ஜமைக்காத் தீவில் ‘ஜெர்க்’ என்று வழங்கும் காரமான மசாலா அது. கோழியின் மேல் தடவி ஊறவைத்து, தணலில் வாட்டித் தின்பார்கள்.

“எங்கோ இருக்கும் தீவின் சமையல் நமக்கு எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இது அரண்மனையில் பிறந்த சமையல் அன்று. தோட்டத்தை விட்டுத் தப்பிப் போன உழைப்பாளிகள் வளர்த்த சமையல்.

1655ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஜமைக்காவை ஸ்பானியரிடமிருந்து கைப்பற்றினர். கரும்புத் தோட்டங்களில் வேலை வாங்க, ஆப்பிரிக்காவிலிருந்து மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றிக் கொண்டு வந்தனர். அந்தக் கொடுமையைத் தாங்காமல் ஓடி, மலைக்காடுகளில் ஊர் கட்டி வாழ்ந்தவர்களுக்கு மரூன்கள் என்று பெயர். அவர்களை அடக்க முடியாமல், 1739ஆம் ஆண்டில் ஆங்கிலேயரே அவர்களோடு உடன்படிக்கை செய்துகொள்ள நேர்ந்தது. ஆனால், இனித் தப்பி வருகிறவர்களைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. வென்றவர்களுக்கும் ஒரு விலங்கை மாட்டித்தான் விட்டார்கள்.

அந்த மலைகளில் அவர்களுக்குக் கிடைத்த இறைச்சி காட்டுப் பன்றி. ஒரே நாளில் தின்று தீராது. அதனால் உப்பும் மிளகாயும் காட்டு வாசனைப் பொருள்களும் தடவி, மெல்லிய தணலில் புகைய விட்டு வாட்டினார்கள். தீவின் ஆதிக்குடிகளான தாயினோ மக்களும் இறைச்சியைப் புகையில் வாட்டியவர்களே. உலர்ந்த இறைச்சியைக் குறிக்கும் ‘சார்க்கி’ என்ற தென் அமெரிக்கச் சொல்லிலிருந்தே ‘ஜெர்க்’ என்ற பெயர் வந்தது. பிற்காலத்தில் பன்றியோடு கோழியும் சேர்ந்துகொண்டது. தீவின் கிழக்கே போர்ட்லண்ட் வட்டாரத்தில் உள்ள பாஸ்டன் பே என்ற ஊர், சாலையோர ஜெர்க் கடைகளுக்குப் பேர்போனது.

இன்னொரு செய்தி. அடிமை முறை ஒழிந்த பின், 1845ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள், ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களை ஏற்றிய முதல் கப்பல் ஜமைக்காவின் ஓல்டு ஹார்பர் பே கரையை அடைந்தது. அந்தத் தீவுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் வடநாட்டவர்; சென்னைப் பக்கத்திலிருந்து போனவர்களும் உண்டு. ஆகவே ஒப்பந்தம், கங்காணி, பெரட்டு என்று நம் பாட்டன்மார் பட்ட பாடு அந்தத் தீவுக்குப் புதிதன்று.

சரி, மசாலாவுக்கு வருவோம்.

இதில் மூன்று பொருள்கள் உயிர். முதலாவது ஆல்ஸ்பைஸ். ஜமைக்காக்காரர்கள் பிமெண்டோ என்பார்கள். மிளகைவிடச் சற்றுப் பெரிய, உலர்ந்த காய். மிளகைத் தேடி வந்த ஸ்பானியர், இதையே மிளகென்று எண்ணி அந்தப் பெயரை வைத்துவிட்டனர். கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் மூன்றின் மணமும் இந்த ஒரே காயில் உண்டு. பட்டணத்துப் பேரங்காடிகளில் தூளாகக் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். நான்கு கிராம்பு, சுண்டுவிரல் நீளப் பட்டை, ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த் தூள் மூன்றையும் பொடித்துக்கொண்டால் மிக நெருங்கிய மணம் வந்துவிடும்.

இரண்டாவது மிளகாய். அவர்கள் போடுவது ஸ்காட்ச் பானட் என்னும் குண்டு மிளகாய். நம்முடைய சிலி பாடியைவிடக் காரம் அதிகம். ஆனால் பழ வாசனை உள்ளது. நமக்குச் சிலி பாடி போதும். நாமோ நம் முன்னோரோ ஆதியிலிருந்தே மிளகாய் தின்றவர்கள் என்று எண்ண வேண்டாம். மிளகாய்ச் செடி அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் கொண்டு வந்த பிறகுதான் இந்தியா அதைக் கண்டது. அதற்கு முன் மிளகுதான் நம் காரம்.

மூன்றாவது தைம் என்னும் சிறிய இலை. இங்கே விலை அதிகம். அதற்கு ஈடாக நம் வீட்டு வாசலில் வளரும் கற்பூரவள்ளியைச் சேர்க்கலாம். இது நம் கண்டுபிடிப்பு அன்று. டிரினிடாட் தீவில் கற்பூரவள்ளியையே தைம் என்ற பெயரால் அழைத்து, மசாலாவில் அரைத்துச் சேர்க்கிறார்கள். பிள்ளைக்குச் சளி பிடித்தால் மட்டும் நாம் தேடும் இலை அங்கே கோழிக்கு மணம் தருகிறது. தடித்த இலை, மணம் அதிகம். மூன்று இலைக்கு மேல் வேண்டாம்.

ஒன்றரைக் கிலோ கோழிக்கு அளவு சொல்கிறோம், எழுதிக்கொள்ளுங்கள். வெங்காயத் தாள் 6, சின்ன வெங்காயம் 6, பூண்டு 5 பல், கட்டைவிரல் அளவு இஞ்சி, சிலி பாடி 6, கற்பூரவள்ளி 3 இலை, ஆல்ஸ்பைஸ் தூள் 1 மேசைக்கரண்டி அல்லது முன்பு சொன்ன பொடி முழுவதும், மிளகுத் தூள் 1 தேக்கரண்டி, சீவிய குலா மலாக்கா 1 மேசைக்கரண்டி, உப்பு 2 தேக்கரண்டி, உப்புக் கிச்சாப் 2 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி. எல்லாவற்றையும் அம்மியிலோ மின் அரைவையிலோ கொரகொரப்பாக அரையுங்கள். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மிளகாயைக் கடைசியில் சேர்ப்பது நல்லது. அதற்கு முன் அவர்கள் பங்கைத் தனியே எடுத்து வைத்துவிடலாம்.

அரைத்ததைக் கையால் தடவுகிறவர்கள் முதலில் கையில் எண்ணெய் பூசிக்கொள்ளுங்கள். மிளகாயின் காரம் நீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். ஆகவே வெறுந்தண்ணீரில் எத்தனை முறை கழுவினாலும் எரிச்சல் போகாது, சவர்க்காரம் வேண்டும். மரம் சீவிக் காய்த்த கைக்குக் காரம் உறைக்காமல் இருக்கலாம். அந்தக் கை கண்ணில் பட்டால் கண்ணுக்கு உறைக்கும்.

நிறைய மசாலா போட்டு இரண்டு நாள் ஊறவைத்தால் எலும்பு வரை காரம் இறங்கும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இறங்குவதில்லை. உள்ளே செல்வது பெரும்பாலும் உப்புதான். மற்றவை மேல் சதையோடு நின்றுவிடும். அதனால்தான் துண்டுகளைக் கத்தியால் ஆழமாகக் கீறி, கீறலுக்குள் தடவ வேண்டும். ஓர் இரவு ஊறினால் போதும். புளிப்பு அதிகமாகி நீண்ட நேரம் ஊறினால் சதை மாவு போலாகிவிடும்.

ஊறுவது குளிர்பெட்டிக்குள், மூடிய பாத்திரத்தில், கீழ்த்தட்டில் இருக்கட்டும். மசாலா தடவியாயிற்றே, கெட்டுப்போகாது என்று அடுப்படி மேடையில் வைத்துவிடாதீர்கள். நம் நாட்டு வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பச்சைக் கோழியை வெளியே வைப்பது ஆபத்து. குழாயைத் திறந்துவிட்டுக் கோழியைக் கழுவினால் கிருமி சுற்றிலும் தெறிக்கும். கழுவவே வேண்டாம் என்பதுதான் இன்றைய சுகாதார அறிவுரை. மனம் கேட்காவிட்டால் ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் மெதுவாக அலசி, பாத்திரத்தையும் தொட்டியையும் சவர்க்காரம் போட்டுத் துலக்குங்கள்.

முக்கியமாக ஒன்று. கோழி ஊறிய மசாலாவில் பச்சைக் கோழியின் நீர் கலந்திருக்கிறது. அதை வெந்த கறியின் மேல் ஊற்றித் தின்னக் கூடாது. தொட்டுக்கொள்ள வேண்டுமானால், அரைத்தவுடனே கால் பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். விருந்து நாளில் ஒரு வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் வயிற்றுப்போக்கால் படுப்பதற்கு ஒரு கரண்டி பச்சை மசாலா போதும்.

வாட்டுவதற்கு ஜமைக்காவில் பிமெண்டோ மரத்தின் விறகையே எரிப்பார்கள். நமக்குப் பாக்காவ் கரி நல்லது. காய்ந்த ரப்பர் விறகும் ஆகும். ஆனால் பழைய நாற்காலி, சாயம் பூசிய பலகை வேண்டவே வேண்டாம்; மருந்தும் சாயமும் புகையோடு கறியில் ஏறும். கரியை அடுப்பின் ஒரு பக்கம் ஒதுக்கி, கோழியை மறுபக்கம் வைத்து மூடி போட்டு வாட்டுங்கள். மசாலாவில் சர்க்கரை இருப்பதால் நேர் நெருப்பில் மேலே கருகும், உள்ளே சிவப்பாகவே இருக்கும். நாற்பது, ஐம்பது நிமிடம் பொறுமை வேண்டும். தொடையின் தடித்த இடத்தில் குத்திப் பார்த்தால் தெளிந்த நீர் வர வேண்டும். வெப்பமானி உள்ளவர்கள் 74 பாகை செல்சியஸ் பாருங்கள், அதுவே நம்பகமானது. கடைசி ஐந்து நிமிடம் மட்டும் தணலுக்கு நேரே திருப்பினால் மேல்தோல் மொறுமொறுப்பாகும்.

ஜமைக்காவில் இதற்குச் சுட்ட ஈரப்பலாக்காயைத் துணையாக வைப்பார்கள். நம்மூர் சுக்குன்தான் அது. அடிமைகளுக்கு மலிவான தீனி வேண்டும் என்பதற்காக, 1793ஆம் ஆண்டில் வில்லியம் பிளை என்ற கப்பல் தலைவர் தாகித்தித் தீவிலிருந்து அந்தக் கன்றுகளை ஜமைக்காவில் கொண்டு வந்து இறக்கினார். நன்கு விளைந்த சுக்குனை முழுதாகத் தணலில் போட்டு, தோல் கருகியதும் சீவி எறிந்துவிட்டு, துண்டு போட்டுக் கோழியோடு பரிமாறுங்கள். உறைப்பு மிகுந்தால் தண்ணீர் குடிக்க வேண்டாம். ஒரு கரண்டி தயிர் போதும்.