சுருட்டுக்கு முன்பே வைத்த விளக்குகள்

1941 டிசம்பர் 30. ஒட்டாவாவில் கனடா நாடாளுமன்றத்தில் பேசி முடித்த பிரிட்டிஷ் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில், சபாநாயகரின் அறைக்குள் வருகிறார். அங்கே யூசுஃப் கார்ஷ் என்ற 33 வயதுப் புகைப்படக்காரர் காத்திருக்கிறார். சர்ச்சிலின் வாயில் சுருட்டு. கீழே வைக்கச் சொன்னால் அவர் வைப்பதாக இல்லை. கார்ஷ் கிட்டே போய், மன்னிப்புக் கேட்டபடியே அதை உருவி எடுத்துவிட்டார். கடித்துத் தின்றுவிடுவது போல முறைத்த அந்த முகம்தான் உலகப் புகழ் பெற்றது. 80 ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கதை சொல்லப்பட்டு வருகிறது. கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கார்ஷின் பாணி எது என்று கேட்டால், துணிச்சல் என்று சொல்லிவிட்டுப் போக இந்தக் கதை இடம் கொடுத்துவிடுகிறது. பாணி அந்த அறைக்கு முந்தைய நாள் மாலையே வந்துவிட்டது: விளக்குகளாகவும் கேமராவாகவும்.

அந்தக் கேமராவிலிருந்து தொடங்குவோம். கார்ஷ் வாழ்நாளெல்லாம் பெரிதும் நம்பியது, 8 அங்குல அகலமும் 10 அங்குல நீளமும் உள்ள ஃபிலிம் தாளை ஒவ்வொன்றாகச் செருகி எடுக்கும் பெரிய மடிப்புக் கேமரா. சாதாரண 35 மில்லிமீட்டர் ஃபிலிமின் பரப்போடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 60 மடங்கு. தோலின் சுருக்கம், கம்பளி நூலின் முறுக்கு எல்லாம் பிசிறில்லாமல் விழுவது இதனால்தான். இதற்கு ஒரு விலையும் உண்டு. இவ்வளவு பெரிய ஃபிலிமுக்கு நீண்ட குவியத் தூரமுள்ள லென்ஸ் வேண்டும். அதன் துளையைத் திறந்து வைத்தால் கண் தெளிவாக விழும், காது மங்கிவிடும். துளையைச் சுருக்கினால் வெளிச்சம் போதாது. ஆகவே பலமான விளக்கு வேண்டும்; உட்கார்ந்திருப்பவர் அசையாமலும் இருக்க வேண்டும். கார்ஷ் படங்களில் மனிதர்கள் சிலை போல நிற்கிறார்களே, அதில் பாதிக் காரணம் இந்தக் கணக்குதான்.

இன்னொன்று. கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு, பின்புறக் கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் உருவத்தைப் பார்த்துக் குவியம் சரிசெய்ய வேண்டும். பிறகு ஷட்டரை மூடி, ஃபிலிம் சட்டத்தைச் செருகியதும் அந்தக் கண்ணாடியில் எதுவும் தெரியாது. அதற்கு மேல் கேமராவுக்குள் பார்க்க ஒன்றுமில்லை. பக்கத்தில் நின்று ஆளைத்தான் பார்க்க வேண்டும். கார்ஷ் தாமே சொன்ன வரலாற்றிலும், கேமராவில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே சர்ச்சிலை நோக்கி நடக்கிறார். சுருட்டை உருவிவிட்டுத் திரும்பியதும் அழுத்த வேண்டியதுதான் பாக்கி. வசதிக் குறைவு என்று நாம் நினைக்கும் அந்தப் பழைய முறைதான் அந்தக் கணத்துக்கு வழி விட்டது.

அடுத்தது ஒளி. பாஸ்டனில் புகைப்படக்காரர் ஜான் காரோவிடம் தொழில் கற்றபோது கார்ஷ் பார்த்தது சன்னல் வழியே வரும் பகல் வெளிச்சம். பிறகு ஒட்டாவாவின் நாடக மேடையில்தான் விளக்கை ஏற்றி, இறக்கி, மறைத்து ஒரு மனநிலையை உண்டாக்க முடியும் என்று கண்டுகொண்டார். அந்த மேடைக் கண் கடைசிவரை அவரை விடவில்லை. முகத்துக்கு ஒரு விளக்கு. பின்பக்கவாட்டிலிருந்து கன்னத்தின் ஓரத்தையும் முடியையும் கோடு போட்டுக் காட்ட வேறு விளக்கு. கைகளுக்குத் தனியாக ஒன்று. கைகளை அவர் இன்னொரு முகமாகவே நடத்தினார். 1948-இல் எடுத்த ஐன்ஸ்டைன் படத்தில் கோத்த கைகள் முகத்தோடு சேர்ந்து யோசிக்கின்றன. 1957-இல் எடுத்த ஹெமிங்வே படத்தில் கழுத்தை மூடிய கம்பளிச் சட்டையின் ஒவ்வொரு வரியும் பக்கவாட்டு ஒளியில் மேடும் பள்ளமுமாக எழுகிறது. நேரே முன்னால் விளக்கை வைத்திருந்தால் அது வெறும் சட்டை.

இங்கே ஒரு மறுப்பு எழும். அதே அறையில், அதே வெளிச்சத்தில், கோபம் தணிந்த சர்ச்சில் சிரிக்கும் படம் ஒன்றையும் கார்ஷ் எடுத்தார். ஒளிதான் முக்கியம் என்றால் அந்தப் படம் ஏன் இந்த அளவு பேசப்படவில்லை? நியாயமான கேள்வி. முகபாவம் வேண்டியதில்லை என்று நான் சொல்லவில்லை. போர்க்காலத்து மக்களுக்கு வேண்டியிருந்தது முறைப்புத்தான். ஆனால் அதே முறைப்பைத் தட்டையான வெளிச்சத்தில் எடுத்திருந்தால், எரிச்சலில் நிற்கும் ஒரு முதியவர்தான் மிஞ்சியிருப்பார். முறைப்பை மன உறுதியாக மாற்றியது இருளிலிருந்து முகத்தைப் பிரித்தெடுத்த ஒளி. முகபாவமே இல்லாத படம் வேண்டுமா? 1954-இல் பிரான்சின் பிராட் நகரில், ஒரு பழைய மடாலயத்தில் செல்லோ வாசிக்கும் இசைக்கலைஞர் கசால்ஸைக் கார்ஷ் முதுகுப்புறமிருந்து எடுத்தார். கல்சுவர், உயரத்தில் சிறு சன்னல், கீழே குனிந்த ஒரு முதுகு. முகம் இல்லை, சீண்டிவிட்ட கதையும் இல்லை. படம் மட்டும் நிற்கிறது.

இன்னொரு குறையும் சொல்வார்கள்: எல்லாரையும் ஒரே வார்ப்பில் மாமனிதராக்கிவிட்டார் என்று. இதை என்னால் முழுதாக மறுக்க முடியவில்லை. அந்த விளக்குகளின் நடுவே யாரை உட்கார வைத்தாலும் ஒரு கம்பீரம் வந்துவிடும். ஒருவர் உண்மையிலேயே பெரியவரா என்பதற்குக் கார்ஷின் படத்தைச் சாட்சியாக வைப்பது சரியல்ல. அவர் பாணி விளக்கிலும் லென்ஸிலும் இருக்கிறது என்பதற்கோ, இந்தக் குறையே சாட்சியாகிவிடுகிறது.

நேயர்களே, கார்ஷின் படம் எங்காவது கண்ணில் பட்டால் முகத்தை உள்ளங்கையால் மறைத்துவிட்டு, கையையும் சட்டையையும் பின்னணி இருளையும் மட்டும் ஒரு நிமிடம் பாருங்கள்.